அடிப்பதில்லை, சரி, அதற்குப் பதிலாக என்ன செய்வது?

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று பாட்டி சொல்லக் கேட்டு, அந்தச் சொல்லின் பலனை முதுகில் வாங்கியும் வளர்ந்தவன் நான். அதனால் மகன் பிறந்த அன்றே இவனை ஒருபோதும் அடிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அந்த முடிவு நான்கு ஆண்டுகள் நிலைத்தது. ஐந்தாம் ஆண்டில் ஒரு காலை, வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஷூ போட மாட்டேன் என்று தரையில் உருண்டவனின் முதுகில் என் கை விழுந்தது. என்ன செய்யக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அவன் பள்ளியில் பெற்றோருக்காக ஆறு சனிக்கிழமைகள் வகுப்பு நடத்தினார்கள். அம்மா சிரித்தார்: "நாலு பேரை வளர்த்தேன், எந்த கிளாஸுக்குப் போனேன்டா?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் அம்மாவுக்கு வகுப்பு வீட்டிலேயே இருந்தது. மாமியார், அத்தை, பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்று ஒருவர் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மற்றவர் அடங்காத பிள்ளையை எப்படிப் பேச்சுக்குள் இழுப்பது என்று செய்து காட்டுவார். இருவரும் வேலைக்குப் போகும் எங்கள் இரண்டு அறை வீட்டில், காலை ஏழரை மணிக்கு அப்படி யாரும் இல்லை.

அறிவுரை கேட்கப் போகிறோம் என்று நினைத்துப் போனவனுக்கு முதல் நாளே ஏமாற்றம். பேச்சு குறைவு, நடித்துப் பார்ப்பதுதான் அதிகம். ஒருவர் குழந்தையாக அடம்பிடிக்க வேண்டும், இன்னொருவர் பெற்றோராகச் சமாளிக்க வேண்டும். சமையலறையிலிருந்து கத்தாமல் அருகில் போவது, கண் மட்டத்துக்குக் குனிவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்வது, "ஓடாதே" என்பதற்குப் பதிலாக "என் கையைப் பிடித்துக்கொண்டு நட" என்று செய்ய வேண்டியதைச் சொல்வது, சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பது. படிக்கும்போது இவை அற்பமாகத் தோன்றும். இருபது பேர் முன்னால் செய்து பார்க்கும்போதுதான், காத்திருக்க வேண்டிய அந்தச் சில நொடிகளுக்குள் நான் மூன்று முறை மிரட்டிவிடுகிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

அங்கே விளக்கப்பட்ட ஒன்றை இன்றும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஒரிகானில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே வைத்துக் கவனித்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு சுழலை விவரித்தார். குழந்தை கைப்பேசி கேட்டு அழுகிறது, தாய் மறுக்கிறார், அழுகை கூடுகிறது, தாய் கொடுத்துவிடுகிறார். உரக்க அழுதால் கிடைக்கும் என்று குழந்தை கற்கிறது, கொடுத்துவிட்டால் சத்தம் நிற்கும் என்று தாய் கற்கிறார். மறுபுறம், நாம் கத்தியதும் குழந்தை பணிந்துவிட்டால் நம் கத்தலுக்கும் அதே பரிசு கிடைக்கிறது. அடுத்த முறை இன்னும் உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது. இதில் கெட்ட பிள்ளையும் இல்லை, கெட்ட பெற்றோரும் இல்லை. இருவரும் ஒருவருக்கொருவர் தவறான பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்ட நாளில் என் குற்ற உணர்வு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இருக்கட்டும், அது எனக்குத் தேவை.

சட்டம் மட்டும் போதாது என்பதை 1979-லேயே சுவீடன் உணர்ந்திருந்தது. வீட்டிலும் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று உலகிலேயே முதலில் சட்டம் இயற்றிய அந்த நாடு, அடிக்காமல் வளர்ப்பது பற்றிய கையேட்டைக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு அனுப்பியது. காலையில் மேசைக்கு வரும் பால் பெட்டிகளிலும் அந்தச் செய்தியை அச்சிட்டது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிரம்பைத் தடுக்கிறது. வீட்டுக்குள் அப்படி வெளிப்படையான தடை இல்லை, மாற்று வழியைச் சொல்லித் தரும் ஏற்பாடும் மிகக் குறைவு.

இதெல்லாம் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு நண்பர் சொன்னார். பிள்ளையை மேதையாக்கித் தருவதாகக் கட்டணம் வசூலிக்கும் வகுப்புகளைப் பார்த்தால் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் 1980-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்தது வேறு. வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத 129 ஏழைக் குழந்தைகளை ஆய்வுக்கு எடுத்து, அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகள், வாரம் ஒரு மணி நேரம் சென்று, வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த பொம்மைகளைக் கொண்டு பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்மாருக்குக் காட்டினார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளின் வருமானம், இந்தப் பயிற்சி கிடைக்காத வீட்டுப் பிள்ளைகளைவிடச் சுமார் 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தாயை வகுப்புக்கு அழைக்காமல் பயிற்சி அவர் வீட்டுக்குப் போனதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் தைத்துவிட்டு வரும் பெண்ணிடம் பொறுமையைப் பற்றி மேடை போட்டுப் பேசுவது பெற்றோர் கல்வி அல்ல, அவமதிப்பு.

நம்மிடம் அங்கன்வாடி இருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசப்படும் அந்தக் கூட்டங்களில், அவை பேசப்பட்ட பிறகு, அரை மணி நேரம் இந்தப் பயிற்சிக்கு ஒதுக்கலாம். நேரத்தை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். வேலை நாளின் பிற்பகலில் வைத்தால் அப்பாக்கள் வர மாட்டார்கள். சனிக்கிழமை வைத்தே எங்கள் வகுப்பின் இருபத்து மூன்று பேரில் ஆண்கள் மூவர்தான் இருந்தோம், அதில் ஒருவர் மனைவிக்கு வண்டி ஓட்ட வந்தவர்.