எழுதி வைக்காத விதிக்கு எங்களை ஏன் திட்டுகிறீர்கள்?

துப்பாக்கி சுடுதல் 1896-ல் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்ற விளையாட்டு. அதற்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 1907-ல் உருவாகிவிட்டது. இத்தனை பழைமையான ஒரு விளையாட்டைக் கற்க வேண்டும் என்று இன்றைக்கு ஒருவர் கிளம்பினால், எந்த வாசலில் போய் நிற்பது என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

வரைபடச் செயலியில் சுடுதளம் என்று தேடிப் பாருங்கள். ஒரு புள்ளி, காவலர்கள் மட்டும் பயிற்சி எடுக்கும் இடமாக இருக்கும். இன்னொன்று எப்போதோ மூடப்பட்டிருக்கும்; யாரும் அதை அழித்திருக்க மாட்டார்கள். வேறொன்று சாயக் குண்டு அடித்து விளையாடும் பொழுதுபோக்குத் திடலாக இருக்கும். எல்லாவற்றையும் கழித்து உண்மையான சுடுதளம் ஒன்றைக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் அழைத்தால், மணி அடித்துக்கொண்டே இருக்கும். இணையதளத்துக்குப் போனால் பரிசளிப்பு விழாப் படங்களும் நிர்வாகிகளின் பெயர்ப் பட்டியலும் கண்ணைப் பறிக்கும். எந்த நாளில் எந்த நேரத்தில் திறந்திருப்பீர்கள், புதியவர் வரலாமா, துப்பாக்கி அங்கேயே தருவீர்களா, சொந்தத் துப்பாக்கி வேண்டுமா? இவற்றுக்கு ஒரு வரி பதில் கிடையாது.

தூரத்தையாவது சொல்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் என்ற காற்றழுத்தத் துப்பாக்கி பழகுபவருக்கும் 50 மீட்டரில் .22 ரைஃபிள் (0.22 அங்குல அளவுத் தோட்டா போடுவது) சுடுபவருக்கும் ஒரே தளம் போதாது. 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட்டை இலக்குக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறு பெட்டி பிடித்துக்கொள்ளும். .22 தோட்டாவின் குண்டோ தடுப்பு இல்லாவிட்டால் ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டியும் பறக்கக்கூடியது. அதற்கு மண்மேடோ இரும்புத் தடுப்போ வேண்டும். ஆகவே "எங்களிடம் என்ன தூரம், என்ன அளவு தோட்டா வரை அனுமதி" என்பது அலங்காரத் தகவல் அன்று. அதுதான் முதல் தகவல். அது தெரியாமல் பயணம் செய்து வந்து வாசலில் நின்று, "இங்கே காற்றழுத்தத் துப்பாக்கி மட்டும்தான்" என்று கேட்டுத் திரும்பிப் போகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உறுப்பினராகச் சேரலாம் என்றால் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் பரிந்துரைக் கையெழுத்து போட வேண்டும் என்கிறார்கள். உள்ளே விட்டால்தானே ஐயா உறுப்பினர்களைத் தெரியும்? பின்னணியைச் சரிபார்க்க வேண்டுமா, தாராளமாகச் சரிபாருங்கள். அடையாளச் சான்று, உரிமம், மருத்துவச் சான்று எது கேட்டாலும் கொண்டுவருகிறோம். ஆபத்தான கருவியைக் கையில் கொடுப்பவர்கள் ஆளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அறிமுகம் இருப்பவருக்கு ஒரே நாளில் திறக்கும் கதவு, அறிமுகம் இல்லாதவருக்கு மாதக்கணக்கில் மூடிக் கிடக்குமானால் அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டாதீர்கள்.

விதிகளுக்கு நான் எதிரி அல்லன். இதை அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்படி வாய் திறந்தாலே "பாதுகாப்பைக் குறை சொல்கிறான்" என்று பாய்ந்து வருகிறார்கள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே கருத வேண்டும். அழிக்க விரும்பாத எதன் பக்கமும் முனையைத் திருப்பக் கூடாது. குறி இலக்கில் படியும்வரை விரல் விசைக்குப் போகக் கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்றுநர் ஜெஃப் கூப்பர் பரப்பிய இந்த நான்கு விதிகளை மீறுபவரை அந்த நொடியே வெளியேற்றுங்கள், நான் கைதட்டுவேன். இலக்கு அட்டை மாற்ற ஒருவர் முன்னால் போயிருக்கும்போது சுடுகோட்டில் யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்பதும் அப்படியே. சுடாத நேரத்தில் குழலில் பளிச்சென்ற பாதுகாப்புக் கொடி செருகியிருக்க வேண்டும் என்பதையும் மறுபேச்சில்லாமல் ஏற்கிறேன். காற்றழுத்தத் துப்பாக்கிக்கு அந்தக் கொடி குழலின் முழு நீளத்துக்கும் ஊடுருவி வெளியே தெரிய வேண்டும் என்று பன்னாட்டு விதியே சொல்கிறது. பார்த்தவுடன் குழல் காலி என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிகிறது. காரணம் கண்ணுக்கு முன்னால் இருப்பதால் அதைப் பின்பற்ற யாருக்கும் கசப்பதில்லை.

என் கோபமெல்லாம் எங்கேயும் எழுதப்படாமல், சுடுதளத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் அதிகாரியின் வாயில் மட்டும் வாழும் விதிகள் மேல்தான். காலையில் இருப்பவர், துப்பாக்கியை மேசையில் போல்ட் (தோட்டா அறையை மூடும் தாழ்) திறந்த நிலையில் முனை இலக்கைப் பார்த்தபடி வை என்பார். அப்படியே வைத்திருந்தால் மாலையில் வருபவர், ஏன் பெட்டிக்குள் வைக்கவில்லை என்று எல்லார் முன்னிலையிலும் கத்துவார். ஒருவர் இரு குண்டுகளுக்கு இடையே ஒரு விநாடி போதும் என்பார். மற்றவர் மூன்று விநாடி என்பார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் "நான் சொல்வதுதான் விதி" என்று பதில் வருகிறது. சுடுகோட்டில் அதிகாரியின் கட்டளைக்கு உடனே கீழ்ப்படிய வேண்டும், சரி. "நிறுத்து" என்றால் நிறுத்துகிறேன். கேள்வியை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சுட்டு முடித்து, துப்பாக்கியைக் காலி செய்து, பின்னால் வந்து நின்று பணிவாகக் கேட்கும்போதும் பதில் சொல்ல முடியாதென்றால், அந்த விதி அவருக்கே தெரியவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அந்தக் கத்தலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பெரும்பாலான துப்பாக்கிகளின் வெடியோசை 140 டெசிபல்லைத் தாண்டும். அந்த அளவில் ஒரே வெடி காதை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடும். அதனால் எல்லாரும் காது மூடி அணிந்திருக்கிறோம். மூடிய காதில் பின்னாலிருந்து ஒரு கத்தல் விழுந்தால், புதிதாகப் பழகுபவர் என்ன செய்வார்? சொன்னது புரியாமல் யார் கத்துவது என்று திரும்பிப் பார்ப்பார். உடம்பு திரும்பும்போது கையும் திரும்பும், கையோடு துப்பாக்கி முனையும் திரும்பும். உலகத்திலேயே எது நடக்கக் கூடாது என்று இத்தனை விதிகளைப் போட்டார்களோ அதையே ஒரு கத்தலால் வரவழைக்கிறார்கள்! அருகில் வந்து, தேவையானால் கையால் முனையை இலக்கை நோக்கியே நிலைநிறுத்திவிட்டு, நிதானமாகச் சொல்லும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் படித்தவர்கள் யாரும் திரும்பிச் சுழல்வதில்லை. வித்தை தெரிந்தவருக்குக் குரலை உயர்த்த வேண்டிய தேவையே வருவதில்லை.

ஒரு முறை எனக்கு அடுத்த தடத்தில் ஒரு பெண் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். விசையை இழுத்தார், தோட்டா வெடிக்கவில்லை. அவர் பதறாமல் துப்பாக்கியை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அதுதான் சரியான செயல். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். அதனால் அரை நிமிடமாவது முனையை இலக்குப் பக்கமே வைத்திருந்து, பிறகுதான் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும் என்று பாடம் சொல்கிறார்கள். அந்த அரங்கில் கண்காணிப்பில் இருந்தவரோ, "என்ன நின்றுகொண்டிருக்கிறாய், அடுத்தவர் காத்திருக்கிறார், சீக்கிரம் எடு" என்று அவரை விரட்டினார். பொறுக்க முடியாமல் நான் குறுக்கிட்டுச் சொன்னேன். எனக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. அன்று உண்மையான பாதுகாப்பு விதியைக் காப்பாற்றியது அந்தப் பெண் மட்டும்தான். அவர்தான் கண் கலங்க வெளியே போனார்.

பிறகு காந்தம். மூடிய அரங்குகள் பலவற்றில் நம் தோட்டாப் பெட்டியில் காந்தத்தை வைத்துப் பார்க்கிறார்கள். எஃகு உள்ளீடு கொண்ட குண்டு இரும்புத் தடுப்பைச் சேதப்படுத்தும், தீப்பொறி பறக்கும், தெறித்துத் திரும்பும். நியாயமான அச்சம். ஆனால் உள்ளே முழுக்க ஈயம் இருந்து, மேலுறையில் மட்டும் மெல்லிய எஃகுப் படலம் இருக்கும் குண்டும் காந்தத்தில் ஒட்டும். இரண்டுக்கும் வேறுபாடு பார்க்க நேரமில்லை, அதனால் ஒட்டினால் அனுமதி இல்லை என்று அறிவித்துவிடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அதை நான் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ளும்படி அறிவியுங்கள் என்பதுதான் கேள்வி. வாசலில் தடுத்து நிறுத்திவிட்டு, "எங்கள் தோட்டாவை வாங்கிக்கொள்" என்று விற்பனை மேசையைக் காட்டும்போது, இது பாதுகாப்பா வியாபாரமா என்ற சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

வேகமாகச் சுடக் கூடாது என்ற தடையும் இப்படித்தான். 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் பிஸ்டல் என்ற ஒலிம்பிக் பிரிவில் ஐந்து இலக்குகளுக்கு ஐந்து குண்டுகளை 8 விநாடி, 6 விநாடி, கடைசியில் 4 விநாடிக்குள் சுட வேண்டும். அதைப் பழக விரும்புபவர் எங்கே போவார்? துப்பாக்கி உதைத்து முனை மேலே எழும்பிக் கூரையில் குண்டு பாயும் என்ற பயம் புரிகிறது. கட்டுப்பாடு இல்லாதவர்கள் விட்டுவைத்த ஓட்டைகளைக் கூரையில் நானே பார்த்திருக்கிறேன். அப்படியானால் சோதித்துப் பாருங்கள். மெதுவாகச் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள், தகுதி இருந்தால் அனுமதியுங்கள், வாரத்தில் ஒரு தனி நேரம் ஒதுக்குங்கள்.

தோட்டா இல்லாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகுவதையும் தடுக்கிறார்கள். இது எனக்கு மிகவும் வலிக்கிறது. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர்தான். அந்தப் புள்ளியைத் தொட வேண்டுமென்றால் மூச்சும் தோளும் விரலும் ஒன்றுகூட வேண்டும். அது பெல்லட்டை வாரி இறைப்பதால் வருவதில்லை, வெறும் விசைப் பயிற்சியால்தான் வருகிறது. போட்டிக்கான காற்றழுத்தத் துப்பாக்கிகளில் இதற்கென்றே தனி அமைப்பை வைத்துத் தயாரிக்கிறார்கள். பன்னாட்டுப் போட்டியிலேயே சுடுகோட்டில் அதிகாரியின் அனுமதியோடு இதைச் செய்யலாம். பழைய .22 துப்பாக்கிகள் சிலவற்றில் சுடும் ஊசி, தோட்டா அறையின் விளிம்பில் அடித்துச் சேதமாகும், அவற்றுக்குத் தடை போடுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடையா? சுட்டுத் தள்ளினால்தான் பெல்லட் தீரும், தீர்ந்தால்தான் மறுபடி வாங்குவோம் என்பதைத் தவிர வேறு காரணத்தை எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

இடது கைக்காரர்களின் பாடு இன்னும் மோசம். பெரும்பாலான துப்பாக்கிகள் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை வலப் பக்கம் எறியும். இடது தோளில் வைத்துச் சுடுபவருக்குச் சூடான கூடு முகத்துக்கு முன்னாலேயே பறக்கும். பொருத்தமான ஓரத் தடத்தைக் கேட்டால் வரிசைப்படிதான் தருவோம் என்கிறார்கள்.

இத்தனைக் கண்டிப்புக்கும் நடுவே எது கண்டுகொள்ளப்படாமல் கிடக்கிறது தெரியுமா? ஈயம். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஈயக் குண்டிலிருந்தும், பல தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்திலிருந்தும் நுண்ணிய ஈயத் துகள் காற்றில் கலக்கிறது. மூச்சோடும் கையோடும் உடம்புக்குள் போகிறது, ரத்தத்தில் கலக்கிறது, எலும்பில் தங்குகிறது. குழந்தைகளின் மூளையை அது குறிப்பாகப் பாதிக்கும். அதனால்தான் மூடிய அரங்கில் காற்று சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து இலக்கை நோக்கி ஒரே சீராக ஓட வேண்டும் என்கிறார்கள். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், சுடுகோட்டில் அந்தக் காற்றின் வேகம் நிமிடத்துக்கு 75 அடி இருக்கப் பரிந்துரைக்கிறது. உலர்ந்த துடைப்பத்தால் தரையைப் பெருக்கவே கூடாது. படிந்த துகள் எல்லாம் மறுபடி எழும்பும்.

நான் போன அரங்கில், ஒரு விநாடி முந்திச் சுட்டதற்காகப் பள்ளி மாணவன் ஒருவனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவன் காலடியிலேயே ஒருவர் துடைப்பத்தால் தூசி பறக்கப் பெருக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு துணிகூட இல்லை. காற்று வெளியேற்றும் மின்விசிறி நின்றிருந்தது. கை கழுவ இடம் கேட்டால் வெளியே ஒரு குழாயைக் காட்டினார்கள், சோப்பு இல்லை. சுடுகோட்டுக்குப் பின்னால் இருந்த மேசையில் தின்பண்டப் பொட்டலங்கள் திறந்து கிடந்தன. விநாடிக் கணக்கு பார்த்தவருக்கு இது எதுவும் விதிமீறலாகத் தெரியவில்லை. அந்த மாணவனின் ரத்தத்துக்கும் பெருக்கிய தொழிலாளியின் நுரையீரலுக்கும் யார் பொறுப்பு?

சுடுதளம் நடத்துபவர்களே, ஒரு பலகை வையுங்கள். தூரம், தோட்டா அளவு, திறக்கும் நேரம், புதியவருக்கான வழி ஆகியவற்றை அதில் எழுதுங்கள். அதையே இணையதளத்தின் முதல் பக்கத்திலும் போடுங்கள். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரு வரியில் சேருங்கள். காரணம் எழுத முடியாத விதியை நீக்கிவிடுங்கள். யார் பணியில் இருந்தாலும் அந்தப் பலகையில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும் என்று உங்கள் அதிகாரிகளுக்கு உத்தரவு போடுங்கள். காற்றோட்டம் கடைசியாக எந்தத் தேதியில் அளக்கப்பட்டது, எவ்வளவு இருந்தது என்பதையும் அதே பலகையில் எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தேதியைக் கேட்பவரை வெளியே அனுப்பாதீர்கள்.