வாடகை 15,000 என்று போட்ட வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு?

சென்னையில் வேலை கிடைத்து வருகிறவர் முதல் சம்பளத்தைக் கண்ணால் பார்ப்பதற்குள் வீட்டுக்காக எடுத்து வைக்க வேண்டிய காசைக் கூட்டிப் பாருங்கள். வாடகை 15,000 என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் பத்து மாதம் என்றால் 1,50,000. முதல் மாத வாடகை 15,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, அது ஒரு 15,000. மெயின்டனன்ஸ் 2,000. பத்திரத்தாள், டைப்பிங் எல்லாம் சேர்த்து 1,000. மொத்தம் 1,83,000. சாமான் ஏற்றிவரும் லாரிக்கூலி இதில் இல்லை. மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வருகிற 25,000 சம்பளக்காரர் இதற்கு எங்கே போவார்? நகையை அடகு வைப்பார், இல்லையென்றால் பர்சனல் லோன் போடுவார். இது அநியாயம். பேரம் பேசினால் ஆறு மாதம், ஐந்து மாதம் என்று இறங்கி வருகிற ஓனர்கள் உண்டு. பத்திலேயே நிற்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். டெல்லியில் ஒன்று அல்லது இரண்டு மாத வாடகையைக் கொடுத்துச் சாவியை வாங்கிவிடலாம். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டமும் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாதம்தான் உச்சம் என்கிறது. இங்கே ஏன் பத்து?

"திருப்பிக் கொடுக்கப் போற காசுதானே" என்பார்கள். அந்தக் காசுக்கு வட்டி கட்டுவது யார்? ஒன்றரை லட்சத்தை 14 சதவீதத்துக்குக் கடன் வாங்கினால் வருடத்துக்கு 21,000, மாதத்துக்கு 1,750. அதே காசை ஓனர் பேங்கில் 6 சதவீதத்துக்குப் போட்டாலும் வருடத்துக்கு 9,000 அவருக்கு. ஆகக்கூடி உங்கள் கடன் அவருக்கு வருமானம்.

காலி பண்ணும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். பதினோரு மாதம் இருந்தாலும் பிடிப்பார்கள், ஐந்து வருடம் இருந்தாலும் பிடிப்பார்கள். பதினோரு மாதத்தில் கிளம்புகிறவருக்கு அது மாதம் 1,364. புரோக்கர் காசும் அதே கணக்கில் 1,364. மெயின்டனன்ஸ் 2,000. கரண்டுக்கு அதிகமாகக் கட்டுவது சுமார் 850, அதன் கணக்கைக் கீழே சொல்கிறேன். இவற்றோடு வாடகை 15,000, கடன் வட்டி 1,750 எல்லாம் சேர்த்தால் மாதம் 22,328 ரூபாய். விளம்பரத்தில் 15,000 என்று போட்ட வீடு இது! ஊருக்குப் புதிதாக வந்தவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல்தான் வீட்டைப் பிடித்துவைக்க டோக்கன் பணம் கொடுக்கிறார். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், லாட்ஜுக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டே இருக்கிறது. அவருக்கு நேரம் இல்லை என்பதை வைத்துத்தான் இத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். வீடு பார்க்கும்போது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். மின்வாரிய மீட்டர் ஒன்றே ஒன்று இருந்து, அதன் பக்கத்தில் கடையில் வாங்கி மாட்டிய குட்டி மீட்டர்கள் வரிசையாக இருந்தால், அது சப்-மீட்டர் வீடு. அங்கே யூனிட்டுக்கு 8, 9, 10 என்று ஓனர் வாயில் வருவதுதான் ரேட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 400 யூனிட் வரைக்கும் ஒரு யூனிட் 5 ரூபாயைக்கூடத் தொடாது. இரண்டு மாதத்தில் 300 யூனிட் ஓடுகிற வீடு தன் பெயரில் தனி இணைப்பு இருந்தால் 1,000 ரூபாய்க்குள் முடித்துவிடும். சப்-மீட்டரில் 9 ரூபாய் வீதம் 2,700. கூடுதலாகப் போவது 1,700, மாதத்துக்கு 850.

"எனக்கே யூனிட் பதினோரு ரூபாய்க்கு வருதுங்க" என்று ஓனர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நாலு குடித்தனத்தின் யூனிட்டையும் ஒரே இணைப்பில் ஏற்றினால் மொத்தம் ஆயிரத்தைத் தாண்டிக் கடைசி அடுக்குக்குப் போய்விடும், அங்கே விலை அப்படித்தான் இருக்கும். ஆனால் அது யார் குற்றம்? ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி சர்வீஸ் வாங்காதது கட்டியவர் குற்றம். அரசு கொடுக்கும் 100 யூனிட் இலவசமும் மலிவு அடுக்கும் குடியிருப்பவருக்குச் சேர வேண்டியவை. அதைத் தொலைத்துவிட்டு அவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. அதனால் முதல் கேள்வியாகவே "தனி ஈபி கனெக்‌ஷனா? சர்வீஸ் நம்பர் கொடுங்க" என்று கேளுங்கள். அந்த நம்பர் இருந்தால் பழைய பில்களை ஆன்லைனில் பார்த்துவிடலாம். முன்பு இருந்தவர் பாக்கி வைத்துவிட்டுப் போயிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

தண்ணீரைப் பற்றி யாரும் நிஜம் பேசுவதில்லை. "இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி" என்பார்கள். எந்தத் தண்ணீர்? குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ வாட்டரா, போரா, லாரியா? குழாயின் முனையிலும் பாத்ரூம் டைல்ஸிலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் போர் தண்ணீர் உப்பு. ஹீட்டரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போய்விடும், குடிக்கச் சமைக்கக் கேன் வாங்க வேண்டும், அதுவும் ஒரு மாதச் செலவு. ஓ.எம்.ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்து அடுக்குமாடிகளில் நிறைய லாரித் தண்ணீரை நம்பியே நிற்கின்றன. அங்கே மெயின்டனன்ஸ் 2,000 என்று சொன்னால், அதில் தண்ணீர் சேர்த்தியா, கோடையில் தனியாகப் பிரிப்பார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டபோது இந்த ஊர் பட்டபாடு ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர் நவம்பரில் வந்து வீடு பார்ப்பார், குழாயில் தண்ணீர் கொட்டும், நம்பிவிடுவார். மே மாதம் எப்படி என்று ஓனரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.

வெள்ளமும் அப்படியே. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கத்துத் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அந்த வீடுகளும் பெயின்ட் அடிக்கப்பட்டு வாடகைக்கு வருகின்றன, வந்தவரிடம் ஒருவரும் சொல்வதில்லை. நீங்களே பாருங்கள். சுவரின் கீழே மூன்றடிக்கு மட்டும் பெயின்ட் புதிதாக இருக்கிறதா? பாத்ரூம் கதவின் அடிப்பாகம் ஊதிப்போயிருக்கிறதா? மோட்டாரைத் திண்டு கட்டி உயரத்தில் ஏற்றியிருக்கிறார்களா? இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் முதல் மாடிக்குக் கீழே வீடு எடுக்காதீர்கள்.

புரோக்கர்கள். குறைந்த வாடகைக்கு நல்ல வீட்டுப் படத்தைப் போட்டு, போன் செய்தால் "அது நேத்துதான் போச்சு சார், பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கு" என்று மூவாயிரம் அதிகமான வீட்டுக்குக் கூட்டிப்போவது அன்றாடம் நடக்கிறது. "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வர்றாங்க, டோக்கன் போட்டுடுங்க" என்று நெருக்குவார்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். டோக்கன் ஓனர் கையில் போக வேண்டும். எத்தனை நாளுக்குள் வேண்டாம் என்று சொன்னால் திரும்ப வரும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தாக வாங்குங்கள். வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே காசு கேட்டால் அது மோசடி, அதில் சந்தேகமே வேண்டாம். "ராணுவத்துல இருக்கேன், வேற ஊருக்கு மாத்திட்டாங்க, ஒரு ரூபாய் அனுப்பி செக் பண்ணுங்க" என்று அடையாள அட்டைப் படத்தோடு ஓனர்போல வருகிற கும்பல் பல வருடமாகச் சுற்றுகிறது. அதைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி க்யூஆரை நீட்டுவார்கள். பணம் நமக்கு வருவதற்கு க்யூஆரை ஸ்கேன் பண்ணவோ பின் நம்பர் போடவோ தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

லீசு வீடு இன்னும் ஆபத்து. எட்டு லட்சம், பத்து லட்சம் கொடுத்தால் மாத வாடகை இல்லை என்றதும் கடன் வாங்கியாவது எடுத்துவிடலாமா என்று தோன்றும். உண்மையான ஓனரிடம் வீட்டை மாத வாடகைக்கு எடுத்து, அதையே உங்களுக்கு லீசுக்குக் கொடுத்து, சில மாதம் வாடகையைக் கட்டிவிட்டு மறைந்துபோகும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் ஓனர் வந்து கதவைத் தட்டும்போதுதான் விஷயமே தெரியும். அவர் கையில் உங்கள் காசு ஒரு பைசா இல்லை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள், சொத்து வரி ரசீதில் இருக்கும் பெயரும் கையெழுத்துப் போடுகிறவர் ஆதாரும் ஒன்றா என்று பாருங்கள், வீட்டின் மேல் பேங்க் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்யாமல் லீசுக்குக் காசு கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

காசு தயாராக இருந்தாலும் வீடு கிடைக்காதவர்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது. போனில் முதல் கேள்வி "ஃபேமிலியா, பேச்சலரா?" அடுத்தது "வெஜ்தானே?" அதற்கும் ஒழுங்காகப் பதில் சொன்னால் "சொந்த ஊர் எது, நீங்க என்ன ஆளுங்க?" பெயரைக் கேட்டதும் "வீடு போயிடுச்சு பாய்" என்று வைத்துவிடுவார்கள், அதே வீட்டு விளம்பரம் பத்து நாள் கழித்தும் அப்படியே இருக்கும். தனியாக வேலைக்கு வரும் பெண்ணிடம் அப்பா நம்பர் கேட்பார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேட்பார்கள். மாதா மாதம் வாடகை ஒழுங்காக வருமா என்று மட்டும் கேளுங்கள். சாதியும் மதமும் அடுப்பில் என்ன வேகிறது என்பதும் உங்களுக்கு எதற்கு?

அடுத்தது பான் கார்டு. வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்து, பழைய வருமான வரிமுறையில் எச்.ஆர்.ஏ (வீட்டு வாடகைப்படி) கழிவு கேட்பவர் ஓனரின் பான் நம்பரைக் கொடுத்தாக வேண்டும். கேட்டால் "அப்ப வேற வீடு பாத்துக்கங்க". சிலர் அக்ரிமென்டில் 8,000 என்று போட்டு மீதி 7,000-ஐக் கையில் கேட்பார்கள். ஏன் எட்டாயிரம்? பன்னிரண்டு மாதத்துக்கு 96,000, லட்சத்தைத் தொடாது. வாடகையை இப்படிக் குறைத்து எழுதும்போது அட்வான்ஸையும் குறைத்து எழுதிவிடுவார்கள். ஒன்றரை லட்சம் கொடுத்திருப்பீர்கள், பத்திரத்தில் 80,000 இருக்கும். மீதி எழுபதாயிரத்துக்கு உங்களிடம் ஒரு துண்டுச்சீட்டு இருக்காது. இதற்கு மட்டும் தலையாட்டவே ஆட்டாதீர்கள். அட்வான்ஸ் முழுவதும் பேங்க் வழியாகவே போகட்டும், குறிப்பில் "அட்வான்ஸ்" என்று எழுதி அனுப்புங்கள்.

அக்ரிமென்டில் கையெழுத்துப் போடும் முன் நான்கு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: வாடகை எப்போது எத்தனை சதவீதம் ஏறும், எத்தனை வருடத்துக்குக் குறைவாக இருந்தால் பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், நோட்டீஸ் எத்தனை மாதம், சாவி கொடுக்கும் அன்றே அட்வான்ஸ் வருமா. கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ள ஒத்துக்கொள்கிற ஓனர் கிடைத்தால் அதையும் எழுதுங்கள், ஓனரிடம் மாட்டிக்கொள்ளும் தொகை அவ்வளவுக்குக் குறையும். குடிபோன அன்று ஒவ்வொரு சுவரையும், சிங்க்கையும், ஈபி மீட்டர் ரீடிங்கையும் வீடியோ எடுத்து ஓனர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள். காலி பண்ணுகிற நாளில் ஹாலில் நின்று ஒவ்வொரு ஆணி ஓட்டையாக விரலை வைத்துக் காட்டுவார்கள், ஸ்விட்ச் போர்டில் பழைய விரிசலை உங்கள் கணக்கில் எழுதுவார்கள். அப்போது கையில் இருக்கப்போவது அந்த வீடியோதான்.

குறைந்த வாடகைக்கு வழியே இல்லையா என்றால் இருக்கிறது, கொஞ்சம் நடக்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற நம் ஆட்கள் தயங்குவார்கள். அந்த மாதங்களில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்காரர் இறங்கி வருவார், ஆறு மாத அட்வான்ஸ் மூன்றாகும். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய மே மாதத்தில் போய்ப் பேரம் பேசினால் ஒன்றும் நடக்காது. தாம்பரத்துக்கு அப்பால் பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, இந்தப் பக்கம் ஆவடி, திருநின்றவூர் என்று ரயில் ஸ்டேஷனுக்கு நடந்துபோகிற தூரத்தில் பாருங்கள், மின்சார ரயில் சீசன் டிக்கெட் பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. சனிக்கிழமை காலையில் தெருத்தெருவாகப் போய் இஸ்திரி வண்டிக்காரரையும் மளிகைக்கடை அண்ணாச்சியையும் கேளுங்கள். எந்த மாடி எப்போது காலியாகிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும், புரோக்கர் காசும் மிச்சம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு ரென்ட் அத்தாரிட்டியிடம் (வாடகை விவகாரங்களுக்கான அதிகாரி) பதிவு செய்ய வேண்டும் என்கிறது. தண்ணீரையும் கரண்டையும் ஓனர் நிறுத்தக்கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டவிரோதம் என்றும் சொல்கிறது. ஆனால் அந்த 11-ஆம் பிரிவு தொடங்குவதே "மாறாக ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்ற பொருளில். வீடு வேண்டும் என்று நிற்கிறவன் ஓனர் நீட்டுகிற பத்து மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வான்? அந்தச் சில சொற்களை அந்தப் பிரிவிலிருந்து எடுங்கள். மூன்று மாதம் என்றால் எல்லோருக்கும் மூன்று மாதமாகவே இருக்கட்டும்.