கொசுறுக்கு ஜப்பானிய மொழியில் என்ன பெயர்?

ஜப்பானின் மலையூரான தக்கயாமாவுக்குப் போய் வந்தவர்கள் போடும் படங்களில் எப்போதும் மியாகவா ஆற்றங்கரைச் சந்தைதான் இருக்கும். வெள்ளைக் கூடாரங்களின் வரிசை, ஓரத்தில் ஆறு, முகமே இல்லாத சிவப்புத் துணிப்பொம்மை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊரில் காலையில் இரண்டு சந்தைகள் கூடுகின்றன. இரண்டில் சிறியது, படத்தில் அவ்வளவாக எடுபடாதது, பழைய ஜின்யாவின் வாசலில் கூடும் சந்தை. முதலில் அங்கே போங்கள் என்பது என் கட்சி. காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் கடைசி வாரம். நகோயாவிலிருந்து ‘ஹிதா’ ரயிலில் இரண்டரை மணி நேரம் மலைகளுக்குள் புகுந்து வந்து, முந்தைய நாள் மாலைதான் இறங்கியிருந்தோம். காலையில் விடுதிக் கதவைத் திறந்தால் வாயிலிருந்து புகை வருகிறது. மனைவி போர்வையை விட்டு வெளியே வர மறுத்துவிட்டாள். நான் மட்டும் இரண்டு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஜின்யா என்றால் வேறொன்றுமில்லை, வரி வாங்கிய கச்சேரி, அதாவது அந்தக் கால அரசு அலுவலகம். ஹிதா மலைநாட்டின் மரத்துக்கும் கனிமத்துக்கும் ஆசைப்பட்டு, 1692-இல் அன்று ஜப்பானை ஆண்ட தொக்குகாவா அரசு அங்கே ஆண்டுகொண்டிருந்த கனமோரி குடும்பத்தை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு நாட்டைத் தன் நேரடிப் பிடிக்குள் கொண்டுவந்தது. எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) அனுப்பப்பட்ட அதிகாரிகள் இந்தக் கட்டடத்திலிருந்துதான் 177 ஆண்டுகள் ஆண்டார்கள். ஜப்பான் முழுவதும் இப்படிப் பல கச்சேரிகள் இருந்தன. முக்கியக் கட்டடம் இன்றும் நிற்பது இங்கே மட்டும்தான். வரி நெல்லைக் கொட்டிவைத்த களஞ்சியமும் உள்ளே அப்படியே இருக்கிறது.

அந்த வாசலுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1771-இல் ஓஹாரா என்ற அதிகாரியின் காலத்தில் விவசாயிகளின் கொந்தளிப்பு தொடங்கியது. நிலத்தை மறுபடி அளக்கிறேன் என்று அவர் கயிறும் கோலுமாகக் கிளம்பியதும் அது பெரும் கிளர்ச்சியானது. அளந்தால் வரி ஏறும் என்பது எந்த ஊர் உழவனுக்கும் தெரியும். பலருக்கு மரண தண்டனை கிடைத்தது. அப்பனுக்குப் பின் மகனும் அதே நாற்காலியில் அமர, சண்டை 1788 வரை விட்டுவிட்டு நீண்டது. கடைசியில் அந்த மகனைத் தீவாந்தரம் அனுப்பினார்கள். ஒரு மரக்கால் கூடக் குறையாமல் அளந்து வாங்கிய அதே வாசலில்தான் இன்றைக்குச் சுற்றுவட்டாரத்துக் கிழவிகள் தங்கள் தோட்டத்தில் விளைந்ததைப் பரப்பிவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெரும்பாலும் பெண்கள், அறுபதைக் கடந்தவர்கள். யாரும் கூவவில்லை. அட்டையில் கையால் எழுதிய விலை, தரையில் வாளி நிறையச் செவ்வந்தி. ஒரு பாட்டியம்மாவின் கூடாரத்தில் சிவப்பு டர்னிப்புகளும் அவற்றில் போட்ட ஊறுகாயும் இருந்தன. என் பார்வையைக் கண்டு, ஒரு டர்னிப்பை அரிந்து காட்டினார். தோல்தான் சிவப்பு, உள்ளே சுத்த வெள்ளை. உப்பிட்டு ஊறவைத்தால் தோலின் சாயம் இறங்கி, வெள்ளைப் பகுதியும் ரோஜா நிறமாகிவிடுகிறது. பனி மூடும் ஊர் என்பதால் குளிர்காலத்துக்கென்று சேர்த்துவைக்கும் பண்டம் அது. பல்குச்சியில் குத்தி ஒரு துண்டு கொடுத்தார். லேசான புளிப்பு, நறுக்கென்ற கடி. எண்ணெயும் காரமும் இல்லாததை ஊறுகாய் என்று ஒப்புக்கொள்ள என் நாக்கு சற்று யோசித்தது. இரண்டாவது துண்டில் ஒப்புக்கொண்டது.

பை ஒன்று முந்நூறு யென். இங்கேதான் பிறவிக் குணம் தலை தூக்கியது. இரண்டு விரலைக் காட்டி, கைப்பேசியில் 500 என்று தட்டி நீட்டினேன். ஜப்பானில் பேரம் பேசும் வழக்கம் இல்லை என்று எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன். இருந்தாலும் சந்தை என்றதும் கை தானாக ஓடுகிறது. பாட்டியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். சிரித்தார். என் கைப்பேசியிலேயே ஐந்தை அழித்து ஆறாக்கித் திருப்பிக் கொடுத்தார். வேறு வழியில்லாமல் அறுநூறை எண்ணித் தட்டில் வைத்தேன்.

பணத்தை எடுத்து வைத்த பிறகு, பக்கத்துக் கூடையில் கையைவிட்டு ஓர் ஆப்பிளை எடுத்தார். பறவை கொத்திய தழும்பு ஒன்று அதில் இருந்தது. தழும்பை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, பைக்குள் போட்டு, “ஒமக்கே” என்றார்.

“உமக்கே” என்றுதான் என் காதில் விழுந்தது. ஒரு நொடி ஆடிப்போய்விட்டேன். விடுதிக்குத் திரும்பி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, கடைக்காரர் தாமாக மேலே போட்டுத் தருவதற்கு அதுதான் பெயராம். நம் கொசுறு!

நான் குறைக்கச் சொன்னது நூறு யென். அந்தக் கூடையில் நான்கு ஆப்பிள் ஐந்நூறு யென். கணக்குப்படி அவருக்கு நட்டம். விலையில் ஒரு யென் விட்டுத்தராதவர், கேட்காத ஒன்றைத் தூக்கிக் கொடுக்கிறார். விலை அவருடைய உழைப்புக்கு. அதில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. கொசுறு அவருடைய மனசு; அதைக் கேட்டு வாங்கவும் எனக்கு உரிமை இல்லை. நான் இரண்டையும் போட்டுக் குழப்பியிருந்தேன்.

இதைப் படித்துவிட்டு “ஜப்பானைப் பாருங்கள், நம்மவர்கள் எப்போது திருந்துவார்கள்” என்று தயவுசெய்து யாரும் தொடங்காதீர்கள். அந்தப் பாட்டு எனக்குச் சலித்துவிட்டது. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் காசில்லாமல் பையில் விழுந்த ஊரிலிருந்துதான் நானும் வருகிறேன். அதை எடைபோட்டு, ஞெகிழியில் சுற்றி, பட்டைக்கோடு ஒட்டி விற்கும் கடைக்குப் போய் வாய் திறக்காமல் பணம் கட்டிவிட்டு, கீரைக்காரம்மாவிடம் மட்டும் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மியாகவா பக்கமும் போனேன். ஆற்றில் வாத்து, எதிர்க்கரையில் வெயில், சோயா தடவிச் சுட்ட அரிசி உருண்டை. (அந்த ஊர் உருண்டையில் இனிப்பு இல்லை, எனக்கு அதுவே பிடித்தது.) சருபோபோ என்னும் அந்தச் சிவப்புப் பொம்மைக்கு ‘குரங்குக் குட்டி’ என்று பொருளாம்; பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டிகள் தைத்துக் கொடுத்தது. இப்போது சாவிக்கொத்திலும் தொங்குகிறது. ஒரு கூட்டம் ஊறுகாய்க் கடையில் எல்லாக் கிண்ணத்தையும் ருசி பார்த்து, கடைக்கார அம்மாளைக் கேட்காமலே நான்கு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு, எதுவும் வாங்காமல் நகர்ந்தது. அவர் பல்குச்சிகளைப் பொறுக்கிச் சேர்த்தார். இப்படியே போனால் அந்த இடத்திலும் சாவிக்கொத்துதான் தொங்கும்.

மதியத்துக்குள் இரண்டு சந்தைகளும் கலைந்துவிடும். ரயிலில் ஆப்பிளைக் கத்தி இல்லாமலே ஆளுக்குப் பாதியாகக் கடித்துத் தின்றோம். தழும்பு இருந்த பக்கம் எனக்கு. எங்கள் பெட்டியில் குப்பைக்கூடை கண்ணில் படவில்லை. நடுத்தண்டைக் கைக்குட்டையில் சுற்றி நகோயா வரை மடியில் வைத்திருந்தேன்.