மன்சா மூஸாவின் தங்கத்தைக் கொஞ்சம் விடுங்கள், சகூராவைப் பற்றிப் பேசுவோம்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி பேரரசு என்றாலே நம் டைம்லைனில் சுற்றுவது ஒரே ஒரு பதிவுதான். "உலக வரலாற்றிலேயே பெரிய பணக்காரர்" என்று தலைப்பு, கையில் தங்க உருண்டையோடு உட்கார்ந்திருக்கும் மாலி அரசர் மன்சா மூஸாவின் படம், கீழே 400 பில்லியன் டாலர் என்று ஒரு கணக்கு. அந்தப் படம் 1375 வாக்கில் மயோர்க்கா தீவில் வரைந்த ஒரு உலக வரைபடத்தில் இருப்பது. அப்போது மூஸா இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகப்போகிறது. 400 பில்லியன் எப்படி வந்தது என்று யாரிடம் கேட்டாலும் பதில் கிடையாது, ஏனென்றால் அதற்கு அடிப்படையே இல்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற ஒரு அரசை ஒரே ஒரு மனிதரின் பணப்பெட்டியாகச் சுருக்கிவிட்டு, அவருக்கு முன் ஆண்ட சகூரா போன்றவர்களை மறந்துவிட்டோம் என்பதுதான் என் கோபம்.

மூஸாவிடம் தங்கம் இருந்தது, மறுக்கவில்லை. 1324-இல் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் அவர் அள்ளிக்கொடுத்ததில் அங்கே தங்கத்தின் விலையே விழுந்தது. அதற்கு முன் ஒரு மித்கால் (அக்கால எடை அளவு) தங்கம் 25 திர்ஹத்துக்கு (வெள்ளிக் காசு) கீழே இறங்காது, பிறகு 22-க்கும் கீழே போனது, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அது நிமிரவில்லை என்று அக்கால அரபு அறிஞர் அல் உமரி எழுதியிருக்கிறார். ஆனால் அதே பயணத்தின் முடிவில் மூஸா கையில் காசில்லாமல் கெய்ரோ வணிகர்களிடம் கடன் வாங்கித்தான் ஊர் திரும்பினார், இதை எந்தப் பதிவும் சொல்வதில்லை. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சிராஜுத்தீன் இப்னு அல் குவைக் என்ற பெரிய வணிகர் கொடுத்த கடனை வசூலிக்க மகனோடு பாலைவனம் தாண்டிப் போய், வழியில் திம்புக்து நகரிலேயே இறந்துபோனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்ப, "அதே சாப்பாட்டை அவரோடு உட்கார்ந்து நானும்தான் சாப்பிட்டேன்" என்று சொல்லி அந்த மகனே அதை மறுத்தார். அப்புறம் மாலி தலைநகருக்குப் போய்ப் பணத்தை வாங்கிக்கொண்டு எகிப்துக்குத் திரும்பினார்.

இன்னொன்று, தங்கச் சுரங்கங்கள் மூஸாவின் நேரடி ஆட்சியிலும் இல்லை. தங்கம் எடுத்தவர்கள் இஸ்லாத்துக்கு வராத மக்கள். அவர்களின் ஊரைப் பிடித்து அங்கே பாங்கு ஒலிக்க ஆரம்பித்தால் தங்கம் வருவது குறைந்துவிடுகிறது, அதனால் அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிட்டுக் கப்பம் மட்டும் மாலி அரசர்கள் வாங்கினார்கள் என்று அல் உமரி பதிவு செய்கிறார். மார்க்கப்பற்று மிகுந்த ஒரு அரசர் இப்படி ஒரு ஏற்பாட்டோடு அனுசரித்துப் போனது எனக்கு அந்தத் தங்கத்தைவிட சுவாரசியமான விஷயம்.

சரி, மூஸாவுக்கு முன்னால் யார்?

1235 வாக்கில் கிரினா போரில் சோசோ அரசன் சுமங்குருவைத் தோற்கடித்து மாலியை நிறுவியவர் சுந்தியாத்தா கெய்த்தா. 14-ஆம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்க வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் இவரை மாரி ஜாத்தா என்கிறார், 25 ஆண்டுகள் ஆண்டதாகவும் சொல்கிறார். அடுத்து மகன் மன்சா உலி, எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ் காலத்தில் ஹஜ் செய்தவர். அதாவது மூஸாவுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மாலி அரசர் மக்கா போய் வந்துவிட்டார். பிறகு வாத்தி. அவருக்குப் பின் கலீஃபா என்று ஒருவர், புத்தி பேதலித்தவர், மக்கள் மேல் அம்பு எய்து காரணமே இல்லாமல் கொன்றுகொண்டிருந்தவர். மக்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரைக் கொன்றுவிட்டார்கள். அடுத்து வந்த அபூபக்ர் மாரி ஜாத்தாவின் மகள் வயிற்றுப் பேரன். தந்தை வழி, தாய் வழி, அண்ணன், தம்பி என்று எந்த வழியில் வாரிசு வரவேண்டும் என்பது அந்த வீட்டில் கடைசிவரை தீரவே இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் சகூரா வருகிறார். கெய்த்தா குடும்பத்தில் பிறந்தவர் இல்லை, அந்த வீட்டின் விடுதலை பெற்ற அடிமை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்சியைக் கையில் எடுத்தார். எப்படி எடுத்தார், யார் துணை நின்றார்கள் என்றெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர் காலத்தில் மாலியின் எல்லை விரிந்தது, சுற்றியிருந்தவர்கள் பணிந்தார்கள், வடக்கே மக்ரிபிலிருந்தும் (மொராக்கோ பக்கம்) இஃப்ரிக்கியாவிலிருந்தும் (துனிசியா பக்கம்) வணிகர்கள் வரத் தொடங்கினார்கள் என்று இப்னு கல்தூன் எழுதுகிறார். காவோ நகரைப் பிடித்ததும் சகூராதான் என்று ஒரு செய்தி, இல்லை மூஸாவின் தளபதி சக்மஞ்சாதான் என்று இன்னொரு செய்தி, இரண்டையும் அவரே குறித்து வைத்திருக்கிறார். சகூராவும் ஹஜ்ஜுக்குப் போனார். திரும்பும் வழியில் தாஜூரா என்ற ஊரில் கொல்லப்பட்டார். அரியணை மறுபடி பழைய குடும்பத்துக்கே போனது, உலியின் மகன் கூ, பிறகு அவர் மகன் முஹம்மத், அதன்பின் 1312 வாக்கில் மூஸா.

பரம்பரை அரசர்கள் அம்பு விட்டு விளையாடியும், வாரிசுச் சண்டையில் அடித்துக்கொண்டும் ஆட்டம் காண வைத்த ராஜ்ஜியத்தை, அந்த வீட்டில் அடிமையாக இருந்த ஒருவர் தூக்கி நிறுத்தியிருக்கிறார். மூஸா அள்ளிக்கொடுத்த செல்வத்தில் பாதியாவது சகூரா போட்ட அடித்தளத்தின் மேல் வந்தது என்பது என் கருத்து. அவருக்கு ஒரு படம்கூட இல்லை, யாரும் ஷேர் செய்வதும் இல்லை.

இன்னொரு ஃபார்வர்டையும் சொல்லிவிடுகிறேன், "கொலம்பஸுக்கு முன்பே அமெரிக்கா போன இரண்டாம் அபூபக்ர்". மூஸா கெய்ரோவில் சொன்னது இவ்வளவுதான்: அவருக்கு முன் ஆண்டவர் கடலுக்கு எல்லை உண்டா என்று பார்க்க ஆட்களோடு 200 கப்பல், தங்கமும் தண்ணீரும் உணவும் ஏற்றி 200 கப்பல் அனுப்பினார், ஒன்றே ஒன்று திரும்பியது. பிறகு 2000 கப்பலோடு தானே போனார், திரும்பவே இல்லை. அந்த அரசரின் பெயர் அல் உமரியில் இல்லை, இப்னு கல்தூன் பட்டியலில் மூஸாவுக்கு முன்னால் இருப்பவர் முஹம்மத். அமெரிக்காவில் கரை ஏறினார் என்பதற்கு ஒரு துண்டுச் சான்றும் கிடையாது. இருப்பதை ஒழுங்காகச் சொன்னாலே பிரமிப்பாக இருக்கும் வரலாறு இது, ஏன் இல்லாததைச் சேர்க்கவேண்டும்?

மூஸாவுக்குப் பிறகு மகன் மகா நான்கு ஆண்டு, அடுத்து மூஸாவின் சகோதரர் சுலைமான் 24 ஆண்டு. 1352-இல் மொராக்கோ பயணி இப்னு பதூதா போய் இறங்கியது இவர் அரசவையில்தான். சுல்தானின் வரவேற்புப் பரிசு வருகிறது என்றதும் பட்டாடையும் பணமும் எதிர்பார்த்து எழுந்து நின்றார், வந்தது மூன்று ரொட்டி, வறுத்த மாட்டிறைச்சித் துண்டு, ஒரு சுரைக்குடுவைத் தயிர். கஞ்சன் என்று எழுதிவிட்டார். எனக்கென்னவோ, அண்ணன் கடன் வாங்கித் திரும்பிய நாட்டில் தம்பி கையை இறுக்கிப் பிடித்ததில் தப்பே தெரியவில்லை.

அதே இப்னு பதூதாதான் சில ஆண்டுகளுக்கு முன்பு நம் மதுரை சுல்தான் கியாசுத்தீனிடமும் தங்கியிருந்தவர். சுல்தான் அவருக்குச் சகலை. அப்படியிருந்தும் பிடிபட்ட மக்களைக் கழுவில் ஏற்றியதையும் பெண்கள் குழந்தைகள் என்று பார்க்காமல் கொன்றதையும் வெறுப்போடு எழுதினார். அப்படிப்பட்டவர் மாலியில் அநியாயம் மிகக் குறைவு, வழியில் திருட்டு பயம் இல்லை, அங்கே இறந்துபோன வெளியூர்க்காரரின் சொத்தைக்கூடத் தொடுவதில்லை என்று எழுதினால் அதற்குத் தனி எடை உண்டு. அதற்காக அங்கே எல்லாம் நல்லது என்று இல்லை. அவர் ஊர் திரும்பிய வணிகக் கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் நடந்தார்கள், அதையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றைப் பேசவேண்டும்.

சுலைமானின் பட்டத்து ராணி காசா அவருடைய தந்தையின் சகோதரர் மகள். ஆட்சியில் பங்காளி, பள்ளிவாசல் மிம்பரில் (பிரசங்க மேடை) சுல்தான் பெயரோடு அவள் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அவளைச் சிறையில் போட்டுவிட்டு அரச குலத்தில் பிறக்காத பன்ஜூ என்ற மனைவியை சுலைமான் அந்த இடத்தில் வைத்தார். ஊர் முணுமுணுத்தது. காசா வெளியே வந்ததும் தினமும் தன் ஆட்களோடு குதிரை ஏறி, முகத்தை மூடியபடி அரசவை வாசலில் வந்து நின்றாள். கடைசியில் சுல்தான் அமீர்களை (தளபதிகள்) கூட்டி, விலங்கு பூட்டிய ஒரு அடிமைப் பெண்ணை நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்தார். நாட்டைவிட்டு ஓடியிருந்த தன் உறவினன் ஜாத்திலுக்கு, "நீ வா, நானும் படையும் உன் பக்கம்" என்று காசா ஆள் அனுப்பியிருக்கிறாள். மரண தண்டனை என்றார்கள் அமீர்கள், அவள் கத்தீப் (பள்ளிவாசலில் பிரசங்கம் செய்பவர்) வீட்டில் தஞ்சம் புகுந்துவிட்டாள். உரிமையைப் பறித்தால் படையையே திருப்பப் பார்த்த ராணி! இதைவிடவா டாலர் கணக்கு பெரிது?

சுலைமான் 1360-இல் போனதும் பழைய சண்டை திரும்பி வந்தது. இரண்டாம் மாரி ஜாத்தா கஜானாவில் இருந்த பிரம்மாண்டமான தங்கக் கட்டியை எகிப்து வணிகர்களிடம் அடிமாட்டு விலைக்கு விற்றார், தூக்க நோயில் இறந்தார். அவர் மகன் இரண்டாம் மூஸாவை அமைச்சரே அடக்கி வைத்துக்கொண்டு ஆண்டார். பட்டியல் 1390-இல், உலியின் வழி வந்த ஒருவர் பட்டம் ஏறுவதோடு நிற்கிறது. அதற்கு மேல் எழுத இப்னு கல்தூனிடம் தகவல் இல்லை. அவருக்கு இந்தப் பெயர்களில் பெரும்பாலானவற்றை எகிப்தில் சொன்னவர் ஷேக் உஸ்மான் என்ற ஒரு மார்க்க அறிஞர். அந்தச் சந்திப்பு நடக்காமல் போயிருந்தால் சகூராவின் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

மாலியில் கங்காபா ஊரில் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை புனித வீட்டுக்குக் கூரை மாற்றும் சடங்கு இன்றும் நடக்கிறது, 2009-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே ஜியபாத்தே குடும்பத்துப் பாணர்கள் பாடுவது சுந்தியாத்தாவின் கதையை. சொந்த மண்ணின் வாய்மொழி மரபில் மூஸாவுக்கு இடம் சிறியதுதான். அவரைப் பெரிய பணக்காரர் ஆக்கியது கெய்ரோ சந்தையும், நம்முடைய ஃபோன்களும்.