எட்டு மாகாணமும் இல்லை, உயரமான மலையும் சிவனொளிபாதமலை இல்லை

ஒரு நண்பர், இலங்கையில் எட்டு மாகாணங்கள், வடகிழக்கு இன்னும் ஒரே மாகாணம், நாட்டின் உயரமான மலை சிவனொளிபாதமலை என்று போட்டிருக்கிறார். மூன்றுமே தவறு.

1889இல் சப்ரகமுவ மாகாணம் உருவானதிலிருந்து மாகாணங்கள் ஒன்பதுதான். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1988இல் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக ஒரே நிர்வாக அலகாக்கி ஒரே மாகாணசபையின் கீழ் வைத்தார்கள், கிழக்கில் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்வதாகச் சொன்னார்கள், அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள், கடைசியில் 2006 அக்டோபரில் இலங்கை உயர் நீதிமன்றம் (Supreme Court) அந்த இணைப்பு செல்லாது என்று சொல்லிவிட்டது. 2007 முதல் இரண்டும் தனித்தனி. அந்த இணைப்பு சரியா தவறா என்பது வேறு சண்டை, அதை இங்கே இழுக்காதீர்கள். மாவட்டங்கள் 25, கடைசியாக வந்தது கிளிநொச்சி, 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரித்தது.

சரி, மலைக்கு வருவோம். சிவனொளிபாதமலை 2,243 மீட்டர், நாட்டின் உயரமான மலையான பிதுருதலாகலை 2,524 மீட்டர். இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்பது புரிகிறது: சிவனொளிபாதமலை மலைநாட்டின் ஓரத்தில் கூம்பு மாதிரி தனியாக நிற்கிறது, தூரத்திலிருந்தே கண்ணில் படும், யாத்திரை வேறு. பிதுருதலாகலையோ நுவரெலியாவுக்குப் பின்னால் இருக்கிறது. ஊரே கிட்டத்தட்ட 1,870 மீட்டரில் இருப்பதால், அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்களோடு ஏதோ சாதாரணக் குன்று என்றுதான் தோன்றும். உயரத்தில் இரண்டாவது இடம்கூட சிவனொளிபாதமலைக்கு இல்லை, அது ஹோட்டன் சமவெளிப் பக்கமுள்ள கிரிகல்பொத்தவுக்கு.