மனோராவில் படகேறினால் ஆவுளியா (கடல் பசு) தெரியுமா?

"தஞ்சாவூர்க் கடற்கரையில் இருக்கும் மனோராவில் படகு பிடித்தால் அரை மணி நேரத்தில் கடல் பசுவைப் பார்த்துவிடலாம், பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்" என்று உங்கள் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைத் திருத்திவிடுங்கள். 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கடல் பசு பாதுகாப்பகம், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடல். அதில் ஓர் ஆவுளியா கண்ணில் படுவதே அபூர்வம். அடியில் கடற்புல் மேயும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிவிட்டு மூழ்கிவிடும். கூச்ச சுபாவம் வேறு. படகுக்காரரை நச்சரித்துத் தேடித் துரத்துவது ரொம்பத் தவறு. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், இருக்கும் உயிர் அது.

அதற்காகப் பயணத்தை விட்டுவிட வேண்டாம். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல்லைப் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். நாடா மாதிரி வழுவழுப்பான இலை, சிலவற்றில் வேரும் ஒட்டியிருக்கும். பாசி இல்லை, பூக்கிற தாவரம். ஆவுளியாவுக்குச் சோறே அதுதான் என்று சொல்லிப் பாருங்கள், கண் விரியும்!

படகுதான் வேண்டும் என்றால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போங்கள். பறவை பார்க்க, டிசம்பர், ஜனவரியில் கோடியக்கரை.