படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள்

பழைய குடும்பப் படங்களை உறவினர்களோடு இணையத்தில் பகிரச் சொல்லும் கட்டுரைக்கு நன்றி. ஒன்றைச் சேர்க்க வேண்டும். கூகுள் போட்டோஸ் ஆல்பத்தின் இணைப்பை அனுப்பினால், அது யார் கைக்குப் போனாலும் படங்கள் திறந்துவிடும். அதனால் இணைப்புப் பகிர்வை நிறுத்திவிட்டு, உறவினர்களை ஒவ்வொருவராகச் சேர்த்தேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தெளிவு குறைந்துவிடும். பாட்டியின் கம்மல் கல்கூடத் தெரியாது. டாக்குமெண்டாக அனுப்பினால் தெளிவு அப்படியே இருக்கும். ஆனால் செல்போனில் எடுத்த பிரதி என்றால், எடுத்த இடத்தின் குறிப்பும் கூடவே போய்விடலாம், கவனம்!

அத்தையின் கல்யாணப் படத்துக்குப் பின்னால் தாத்தா நீல மையில் அத்தையின் பிறந்த தேதியையும் வீட்டு முகவரியையும் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை நான் எங்கும் ஏற்றவில்லை. முன்பக்கத்தைப் பகிரலாமா என்று அத்தையிடமே கேட்டேன். "நம் பிள்ளைகளுக்கு மட்டும் காட்டு" என்றார்.